தில்லானா மோகனாம்பாள்: போட்டியே காதலான படமும் அதன் வழிவந்தவையும்

திருவாரூர் கீழவீதி:

1968 ஜூலையில் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ காவிரிக் கரை ஊர்களில் இன்னும் பேசப்படுவதற்கு, நாயகன் சிக்கல்காரன், நாயகி திருவாரூர்க்காரி என்ற ஊர்ப்பற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஊர்ப்பற்று ஒரு படத்தைப் பத்து ஆண்டுகள் தாங்கலாம்; அரை நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. ஆகவே இந்த இழையில் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பேச விரும்புகிறேன். இந்தப் படத்தைப் பார்த்துப் பின்னால் கதை கட்டியவர்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள்?

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காலத்துக் காதல் படங்கள் பலவற்றில் நாயகனுக்கும் நாயகிக்கும் தொழில் என்பது பெயருக்குத்தான் இருக்கும். அவன் பொறியாளனாக இருந்தாலும் பண்ணையார் மகனாக இருந்தாலும் பாட்டு அதே பாட்டுதான். இந்தப் படத்தில் தொழிலைக் கழற்றி எடுத்துவிட்டால் காதல் என்று ஒன்றும் மிஞ்சாது. அழகர்கோயில் திருவிழாவில் நாயகன் சண்முகசுந்தரம் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கையில் வாணவேடிக்கை தொடங்கிவிட, கூட்டத்தின் கவனம் அங்கே போகிறது. அவன் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறான். அவ்வளவு மானமுள்ள வித்துவானுக்கு, அதே ஊரில் மோகனா என்ற பெண்ணின் சதிரை, அதாவது பரத ஆட்டத்தை, மறைந்திருந்து பார்க்க நேர்கிறது. அவளைக் காதலிப்பதற்கு முன்பே அவளுடைய ஆட்டத்தை மதித்துவிடுகிறான். மதிக்க நேர்ந்ததுதான் அவனுக்குக் கோபம். அந்தக் கோபத்திலிருந்து படத்தின் நகைச்சுவை, காதல், கண்ணீர் மூன்றும் புறப்படுகின்றன. மூன்றுக்கும் ஊற்று ஒன்றே என்பதால்தான் ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் ஒட்டுப்போட்ட தையல் தெரிவதில்லை.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதைதான் இதற்கு மூலம். கோபுலுவின் சித்திரங்களோடு அதைப் படித்த தலைமுறையின் மனத்தில் சண்முகமும் மோகனாவும் படம் வருவதற்கு முன்பே உருவம் பெற்றிருந்தார்கள். அந்த உருவங்களோடு போட்டியிட்டு இயக்குநர் ஏ. பி. நாகராஜன் வென்றார் என்பதே பெரிய செய்தி. மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம்.

நாச்சியார்கோவில் தவில் வீடு:

ஐயா, தொழில் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அந்தத் தொழிலில் பிறந்தவனாகச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

படத்தில் நாம் கேட்கும் நாகஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. திரையில் அதைத் தாங்கி நிற்பவர்கள் சிவாஜி கணேசனும் அவர் தம்பியாக வரும் ஏ.வி.எம். ராஜனும். நடிகர்கள் வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு உடம்பை ஆட்டுவது சினிமாவில் வழக்கமாக நடப்பது. வாசிக்கிற வீட்டில் பிறந்தவர்கள் அதை ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நாகஸ்வரத்தில் விரல் பட்டு வாசிக்கும் துளைகள் ஏழு. கீழே இருக்கும் மற்றவற்றில் விரல் படாது. ஏழு துளைகளையும் முழுக்கத் திறந்து மூடுவது மட்டும் வாசிப்பாகிவிடாது. பாதி திறந்தும், கால் திறந்தும், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சைத் தேக்கியும் கமகம் என்ற ஸ்வர அசைவு பிறக்கிறது. சிவாஜியின் விரல்களை மட்டும் பார்த்தால் சில இடங்களில் குறை சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நீண்ட சங்கதிக்கு முன்னால் அவர் தோள் எழுவதையும், அது முடிந்த பிறகு கழுத்து நரம்பு தளர்வதையும், வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தவுடன் அடுத்த வாசிப்புக்காரரின் பக்கம் கண் போவதையும் பார்த்தவர்களுக்கு, இவர் வித்துவான்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர் என்பது விளங்கும். மூச்சை நடித்த நடிகர் அவர். விரலை நடிப்பதைவிட அது கடினம்.

என் உள்ளத்தில் அதைவிட உயர்ந்த இடத்தில் இருப்பவர் தவில்காரர் முத்துராக்குவாக வரும் டி. எஸ். பாலையா. தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு விரல்களில் கூடு என்ற உறை போட்டு வாசிப்போம். இடப்பக்கமான தொப்பிக்கு இடக்கையில் கழி. இரண்டு கைகளும் வெவ்வேறு பேச்சுப் பேசும்போது முகம் பெரும்பாலும் நாகஸ்வரக்காரரைப் பார்த்தே இருக்கும், ஏனென்றால் அவர் எங்கே முடிக்கப்போகிறார் என்பது அவர் முகத்தில்தான் முதலில் தெரியும். பாலையா படம் முழுவதும் சண்முகத்தின் முகத்தையே படித்துக்கொண்டிருக்கிறார். கச்சேரியில் மட்டுமன்று, சத்திரத்திலும் ரயிலிலும்கூட. தலைவன் கோபத்தில் சொல்லும் சொல்லை எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல தவில்காரர் மேளத்துக்கு வெளியிலும் அப்படித்தான் இருப்பார். எங்கள் பெரியவர்கள் இருந்தார்கள்.

மூவலூர் வாசகி:

இருவருடைய பதிவுகளையும் மகிழ்ச்சியோடு படித்தேன். நானும் இந்தப் படத்தை நேசிப்பவள். ஆனால் சண்முகத்தின் மானத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு மோகனாவின் மானத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு.

நான் எழுதும் இந்த ஊரின் பெயரோடு சேர்த்து அழைக்கப்பட்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். 1936-இல் ஒரு நாவலே எழுதியவர். சென்னை மாகாணத்தில் அந்த முறையை ஒழிக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. படத்தின் கதை நடக்கும் காலம் ஜமீன்களும் மகாராஜாக்களும் இருந்த காலம். அதாவது, மோகனாவின் தாய் வடிவாம்பாள் தன் மகளைப் பணக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கத் துடிப்பது அவளுடைய தனிப்பட்ட பேராசை மட்டுமன்று. அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அது. கோயில் மானியம் கையை விட்டுப் போகிறது, சமூகம் ஏளனமாகப் பார்க்கிறது, மகளுக்குச் சட்டப்படி கணவன் அமைவானா என்பது தெரியாது. இப்படிப்பட்ட ஒரு தாயைப் படம் பெரும்பாலும் சிரிப்புக்கும் வெறுப்புக்கும் உரியவளாகவே நிறுத்துகிறது. சி. கே. சரஸ்வதி அந்தப் பாத்திரத்தை அவ்வளவு திறமையாகச் செய்திருப்பதால், நாமும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

பிறகு வரும் படங்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டன என்று கேட்டீர்கள். பிடிவாதக்காரத் தாயை எடுத்துக்கொண்டன. அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதை விட்டுவிட்டன. அந்தக் குறையின் விதை மூலப்படத்திலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

திருவாரூர் கீழவீதி:

அம்மா, வடிவாம்பாளைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் ஊர்த் தியாகராஜர் கோயிலில் கொண்டிப் பரம்பரை என்ற தேவதாசிக் குடும்பத்தினர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, அந்தக் குடும்பங்கள் இழந்தது எவ்வளவு என்பது தெரியும்.

ஆனால் மோகனாவைப் பொறுத்தவரை எனக்கு வேறு கருத்து உண்டு. ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மமென்ன’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் அவள் ஆடுகிறாள்; மறைவில் சண்முகமும் அவன் குழுவினரும் நிற்கிறார்கள். அவன் நிற்பது அவளுக்குத் தெரியும். கண்ணதாசனின் பாட்டு அழகர் மலைக்காரனையும் வேலவனையும் விளித்து, ஒளிந்து நின்று பார்ப்பது ஏன் என்று கேட்கிறது. அவனுடைய பெயரே சண்முகம். சபையில் இருப்பவர்களுக்கு அது தெய்வத்தை நோக்கிய பாட்டு. தூணுக்குப் பின்னால் இருப்பவனுக்கு அது நேருக்கு நேரான சவால். இந்த உத்தி சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. நம் பகுதியின் பதங்கள் என்ற அபிநயப் பாடல்கள் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாக இதைத்தான் செய்துவந்தன. சீர்காழி முத்துத்தாண்டவர் தில்லை நடராசனை நாயகனாக வைத்துப் பாடினார். வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராம ஐயர் முத்துக்குமாரசாமியை வைத்துப் பாடினார். தெய்வத்திடம் பேசுவதுபோல் எதிரே இருப்பவனிடம் பேசும் உரிமை, ஆடுகின்ற பெண்ணுக்கு அந்த மரபு கொடுத்த உரிமை. மோகனா அதைப் பயன்படுத்தி, அதுவரை யாருக்கும் தலைவணங்காத ஒருவனைப் பலர் முன்னிலையில் பதில் சொல்ல முடியாதவனாக ஆக்குகிறாள். அந்தப் பாட்டில் வெற்றி யாருக்கு என்பதில் ஐயமே இல்லை.

பத்மினிக்குப் பரதம் கற்றுக்கொடுத்தவர்கள் வழுவூர் இராமையா பிள்ளையும் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையும். இரண்டு ஊர்களும் நமக்கு அடுத்த ஊர்கள். அபிநயத்தில் அவர் புருவத்தை உயர்த்துவதில் ஒரு நிதானம் இருக்கிறது. சினிமா அவசரம் அதில் இல்லை. அது அந்தக் குருமார்களிடமிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

சிக்கல் தெற்கு வீதி:

சிக்கல் சார்பில் யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சிங்காரவேலர் கந்தசஷ்டியில் அம்மையிடம் வேல் வாங்கும்போது விக்கிரகத்தில் வியர்வை அரும்புவதைக் காண நாகப்பட்டினம் வட்டாரமே திரண்டு வரும். நாயகனுக்குச் சண்முகசுந்தரம் என்று பெயர் வைத்துச் சிக்கலை முன்னொட்டாகக் கொடுத்த ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் விரலை வைக்கவில்லை.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்த ‘சிங்காரவேலனே தேவா’ பாட்டு ஆபேரி ராகத்தில் அமைந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சண்முகம் வாசிக்கும் ‘நகுமோமு’ கீர்த்தனையும் ஆபேரிதான். முதற்பாட்டு நாகஸ்வரத்தைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த நாகஸ்வரத்தை வாசிக்கிறவன் எங்கே தூங்குகிறான், யாரோடு சாப்பிடுகிறான், எதற்கு முகம் சுளிக்கிறான் என்பதையெல்லாம் மக்களுக்குக் காட்டியது இரண்டாவது படம்.

பட்டுக்கோட்டைச் சாலை:

எல்லோரும் மூலப்படத்திலேயே நிற்கிறீர்கள். தாக்கம் பற்றித்தான் கேள்வி என்பதால் நான் ‘கரகாட்டக்காரன்’ படத்துக்காக வாதாட வருகிறேன்.

1989-இல் கங்கை அமரன் இயக்கி, ராமராஜனும் கனகாவும் நடித்த அந்தப் படம் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் வழிவந்தது என்பது எல்லோரும் அறிந்தது. இரண்டு ஆட்டக் குழுக்கள், இரண்டு பிடிவாதங்கள், போட்டி, அதிலிருந்து முளைக்கும் காதல், குறுக்கே நிற்கும் உள்ளூர்ப் பெரியமனிதர் என்று எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் நாகஸ்வரமும் பரதமும் இருந்த இடத்தில் கரகம் வந்தது என்பதைச் சாதாரண மாற்றமாக நான் நினைக்கவில்லை. கோயில் மண்டபத்திலும் ஜமீன் அரண்மனையிலும் நடந்த கதை, மாரியம்மன் கோயில் திடலுக்கு இறங்கிவந்தது. தஞ்சை மாவட்டத்தில் கரகம் ஆடிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்களை நாயகன், நாயகி என்று அழைத்து அந்த அளவுக்கு மக்கள் கொண்டாடிய படம் அதற்கு முன் இல்லை. ‘மாங்குயிலே பூங்குயிலே’ ஒலித்தவுடன் கல்யாணப் பந்தலில் பாட்டிமார்கள்கூடத் தாளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

தவில் வீட்டு அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் கவுண்டமணி தவில்காரர், செந்தில் அவரோடு இருக்கும் நாகஸ்வரக்காரர். காரையும் வாழைப்பழத்தையும் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் வேலை இல்லாத நாளில் ஒரு மேளக் குழு என்ன செய்யும், கையில் இருக்கும் சில்லறையை வைத்து எப்படிச் சண்டை போட்டுக்கொள்ளும், இளையவனை மூத்தவன் எப்படி அதட்டுவான் என்பதைத்தான் அந்த நகைச்சுவை காட்டுகிறது. பாலையாவின் முத்துராக்கு இல்லாமல் கவுண்டமணியின் அந்தத் தவில்காரர் பிறந்திருக்க மாட்டார்.

நாச்சியார்கோவில் தவில் வீடு:

தம்பி, பாலையாவையும் கவுண்டமணியையும் இணைத்துச் சொன்னது அருமையான கருத்து; அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். முத்துராக்கு சிரிக்க வைக்கும்போதும் கச்சேரியில் உட்கார்ந்துவிட்டால் அவர் வித்துவான். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பின்னால் வந்த படத்தில் தவில்காரர் தவிலைத் தொடாத நேரத்தில்தான் பெரிய ஆள். வாத்தியத்தை வாசிக்கும் நேரம் அவருக்கு உரிய நேரமாக இல்லை. தொழிலைக் கழற்றினால் காதல் மிஞ்சாது என்று இழையின் தொடக்கத்தில் சொன்னார்களே, அதையே நகைச்சுவைக்கும் வைத்துப் பாருங்கள். வாழைப்பழத்தை எந்தத் தொழில்காரனும் வாங்கப் போகலாம்.

இன்னொன்று. இந்தப் படத்தின் தாக்கம் திரையோடு நிற்கவில்லை. எங்கள் தொழிலுக்குள்ளேயே வந்தது. ‘நலந்தானா’ வாசிக்கச் சொல்லிக் கேட்காத கல்யாணம் அரிது. பெண் அழைப்பிலோ வரவேற்பிலோ யாராவது ஒருவர் முன்வரிசையில் எழுந்து வந்து காதோரம் சொல்லிவிட்டுப் போவார். நாகஸ்வரக்காரர் ஒரு மணி நேரம் தோடியோ கல்யாணியோ விஸ்தாரமாக வாசித்திருப்பார். பந்தலில் பேச்சு நிற்காது. ‘நலந்தானா’வின் முதல் வரி வந்ததும் பந்தலே நிமிரும். இதில் வருத்தப்படுகிற வித்துவான்கள் உண்டு. என் தகப்பனார் வருத்தப்பட்டதில்லை. அந்தப் பாட்டை வாசித்துப் பந்தலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அது அடங்குவதற்குள் ஒரு ராகத்துக்குள் நுழைந்துவிடுவது அவர் வழக்கம். கேட்க வந்த காது மூடுவதற்குள் நல்லதைப் போட்டுவிட வேண்டும் என்பார்.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்துவிட்டார். நாகஸ்வரக்காரருக்கும் மேடையில் சரியாசனம் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் நிமிர்ந்து நின்றவர் அவர். சண்முகத்தின் நிமிர்வைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரைத்தான் நினைத்துக்கொண்டார்கள். அவரை நேரில் கேட்காத தலைமுறைக்கு, நாகஸ்வரக்காரன் என்பவன் யாருக்கும் குனிய வேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுத்தது இந்தப் படம். கல்யாண வீட்டில் முன்பணம் பேசப் போகும்போது எங்களுக்கு ஒரு நாற்காலி போடப்படுவதில் இதற்கும் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

குடந்தை மாணவர்:

பெரியவர்களின் விவாதத்துக்கு இடையில் ஒரு சிறு வினா. திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் நாகஸ்வரம் பயிலும் நண்பர் ஒருவர், இந்தப் படத்தில் வரும் மேனாட்டு நோட்டு வாசிப்பைத் தம் வகுப்பில் பலரும் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். அந்தக் காட்சி மரபுக்குப் பெருமை சேர்ப்பதா, அல்லது வெள்ளைக்காரர் கைதட்டினால்தான் நம் வாத்தியத்துக்கு மதிப்பு என்று சொல்வதா?

சிக்கல் தெற்கு வீதி:

நல்ல வினா. சிங்கபுரம் மைனரின் வீட்டில் மேனாட்டு விருந்தினர் முன்னால் சண்முகம் வாசிப்பது, தன்னைத் தாழ்த்திக்கொண்டு அவர்களை மகிழ்விப்பதற்காகவன்று. என் வாத்தியத்தில் இதுவும் அடங்கும் என்று காட்டுவதற்காக. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தபோது அவர் மரபு குறைந்துபோகவில்லை. அவர் பிறந்த திருவாரூரும் குறைந்துபோகவில்லை. உங்கள் நண்பரை நன்றாக வாசிக்கச் சொல்லுங்கள்.

மூவலூர் வாசகி:

தவில் வீட்டுக்காரர் ‘நலந்தானா’வைப் பற்றிச் சொன்னதைத் தொடர்ந்து அந்தக் காட்சியைப் பற்றியே எழுத விரும்புகிறேன். இந்தப் படத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

போட்டி மேடையில் மோகனாவுக்குத் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற பட்டத்தைத் தானே முன்வந்து கொடுக்கும் வேளையில் சண்முகத்தின் கையில் நச்சுக்கத்தி பாய்கிறது. மருத்துவமனையில் கிடக்கும் அவனைப் பார்க்க மோகனாவைத் தாய் விடுவதில்லை. பிறகு அவன் குணமாகி மீண்டும் வாசிக்க அமரும் சபையில், எல்லோருக்கும் எதிரில், அவள் ஆட்டத்தின் வழியாக நலம் விசாரிக்கிறாள். ஒரு சொல்கூட நேராகப் பேச முடியாத இருவர். அவளுக்குப் பி. சுசீலாவின் குரல் இருக்கிறது. அவனுக்கு வாயில் வாத்தியம் இருப்பதால் பதிலுக்குப் பேச வழியில்லை, வாசிப்புதான் பதில். உடம்பில் பட்ட புண்ணைப் பற்றி அவள் கேட்கும் இடத்தில் சிவாஜியின் கண்களும் பாலையாவின் கண்களும் சந்தித்து விலகுவதைப் பாருங்கள். அவள் கேட்டது அவன் ஒருவனுக்கு; ஆனால் அந்தக் குழு முழுவதும் அதற்கு உருகுகிறது. காதலைக் குழுவின் நடுவில் வைத்துக் காட்டிய காட்சி இது. இருவரையும் தனியே மலைச்சாரலுக்கு அனுப்பிப் பாட வைத்திருந்தால் இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

பின்னால் வந்த படங்கள் விட்டுவிட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். 1999-இல் வந்த ‘சங்கமம்’ நாட்டுப்புற ஆட்டத்தையும் சாஸ்திரிய ஆட்டத்தையும் எதிரெதிரே நிறுத்தியது. ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்கள் அந்தப் படத்தைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. அதில் எது உயர்ந்தது என்ற சண்டை இருந்தது. ஒருவருடைய ஆட்டம் மற்றவருக்குச் சொல்லும் செய்தியாக மாறவில்லை. மோகனாவுக்கும் சண்முகத்துக்கும் நடப்பது எது உயர்ந்தது என்ற சண்டையாகத் தொடங்கி, ஒருவரை ஒருவர் கேட்கும் பழக்கமாக மாறுகிறது. அப்படி மாறுவதற்கு இரண்டு கலைகளையும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாகராஜன் நாடகக் கம்பெனியில் சிறுவனாக வேடம் கட்டி வளர்ந்தவர். மேடையில் இருப்பவர்கள் பார்வையாளருக்குத் தெரியாமல் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. மனோரமாவும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். அவர் ஏற்ற ஜில் ஜில் ரமாமணி மேடையில் ஒரு குரலிலும் மேடைக்குப் பின்னால் இன்னொரு குரலிலும் பேசுவதைக் கேட்டால் அந்த அனுபவம் தெரியும்.

ஆனாலும் என் குறை அப்படியே இருக்கிறது. படத்தின் பிற்பகுதியில், மதன்பூர் மகாராஜாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தரகன் வைத்தி சூழ்ச்சி செய்யும் நேரத்தில், மோகனா தன் கற்பை நிரூபிக்க வேண்டியவளாக ஆகிவிடுகிறாள். அதுவரை ஆட்டத்தால் பேசியவள் அதன்பின் கண்ணீரால் பேசுகிறாள். சண்முகம் சந்தேகப்படுகிறான், படம் அவனை அதிகம் கடிந்துகொள்ளவில்லை. வைத்தியாக வரும் நாகேஷின் நடிப்பு அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்துகிறது என்பது உண்மை. எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அந்தத் தரகன் செய்வது கொடுமை என்பதை அவர் ஒரு கணமும் மறக்கவிடுவதில்லை.

திருவாரூர் கீழவீதி:

பிற்பகுதி பற்றி நீங்கள் சொல்வதை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆட்டத்தால் வென்றவளைத் திருமணத்தால் முடித்துவைப்பது அக்காலத் தொடர்கதைக்கும் சினிமாவுக்கும் இருந்த பொதுவான முடிவு. ஆயினும் சண்முகம் பட்டம் கொடுக்கும் இடத்தை மீண்டும் பாருங்கள். ஆணின் அகந்தை அடங்குவதைத் தமிழ்ப் படம் அவ்வளவு மரியாதையாகக் காட்டியது அதற்கு முன்னும் குறைவு, பின்னும் குறைவு. பின்னால் வந்த எத்தனையோ காதல் நகைச்சுவைப் படங்களில் திமிர்பிடித்த பெண்ணை நாயகன் அடக்குவான், அரங்கு கைதட்டும். இங்கே அடங்குவது நாயகனின் திமிர், அதுவும் தோல்வியாக அன்றி அறிவாக. படத்தின் தலைப்பே அவன் அவளுக்குக் கொடுத்த பட்டம். இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் போட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை இது பெற்றது, கே. எஸ். பிரசாத்தின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது. விருதுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பட்டுக்கோட்டைச் சாலை:

அப்படியானால் இனி இதே கதையை யாரேனும் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவில், நாகஸ்வரம், பரதம் எல்லாவற்றையும் எந்தச் சாதிப் பிள்ளையும் போய்ப் படிக்கலாம். சண்முகத்துக்கும் மோகனாவுக்கும் இன்று வேறு வாழ்க்கை.

நாச்சியார்கோவில் தவில் வீடு:

எடுக்கிறவர் முதலில் ஒரு திருவிழாவுக்கு மேளக் குழுவோடு பத்து நாள் சுற்றிவர வேண்டும். சீவாளிக்குக் காவிரிக் கரையின் கொருக்கைத் தட்டை எப்படிப் பக்குவப்படுத்தப்படுகிறது, நாகஸ்வரம் செய்ய ஆச்சா மரத்தை ஏன் பழைய வீட்டு உத்திரத்திலிருந்து தேடி எடுக்கிறார்கள், இரவெல்லாம் சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்தவனுக்கு விடியற்காலையில் விரல் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் பார்த்துவிட்டுக் காதலை எழுதட்டும். கூடு கட்டிய விரலுக்குள் வியர்வை ஊறித் தோல் வெளுத்திருக்கும். அந்தக் கையால்தான் குழந்தைக்குச் சோறு பிசைவோம். அதைப் பார்த்துச் சிரிக்கவும் இடம் இருக்கிறது, உருகவும் இடம் இருக்கிறது.

மூவலூர் வாசகி:

நான் கேட்பது ஒன்றுதான். கதை மோகனாவின் பக்கமிருந்து தொடங்க வேண்டும். அவள் சலங்கை கட்டிக்கொண்டிருக்கையில் வெளியே ஒரு நாகஸ்வரம் கேட்கிறது. அந்த வாசிப்பு அவளை என்ன செய்கிறது என்பது முதற்காட்சியாக இருக்கட்டும். மூலப்படத்தில் அவன் அவளை ஒளிந்து பார்த்தான், நாமும் அவனோடு நின்று பார்த்தோம். இந்த முறை அவள் அவனைக் கேட்கட்டும். வடிவாம்பாளுக்கும் ஒரு முழுக் காட்சி வேண்டும், அவள் தன் இளமையில் யாருக்கு ஆடினாள், யார் அவளைக் கைவிட்டார் என்பதை மகளிடம் சொல்லும் காட்சி. சிரிக்க வைக்கும் வசனங்கள் அவளிடமே இருக்கட்டும். அவற்றைப் பறிக்க வேண்டாம்.